ரோஜாவுக்கு முன்னால் ஒரு ரெண்டு

ராஜபாளையத்தில் தனுஷ்கோடி அண்ணாச்சி வைத்திருக்கும் எம்பிராய்டரி கூடத்தில் ஆறு மெஷின்கள். ஆறையும் ஆட்டி வைப்பது ஒரே கம்ப்யூட்டர். டிசைன் வரைகிற சண்முகத்தாய் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். வரைந்ததைப் பென்டிரைவில் ஏற்றி, கவரில் போட்டு ஒட்டி, பஸ் கண்டக்டர் ராக்கப்பன் கையில் கொடுத்துவிடுவாள். மெயிலில் அனுப்பலாமே என்று கேட்கிற புத்திசாலிகள் அவள் தெருவில் நெட் வரும் லட்சணத்தைப் பார்த்ததில்லை.

கூடத்தின் பழைய புரோகிராம் ஒரு விடாக்கண்டன். எந்தப் பென்டிரைவை முதலில் செருகினாலும் அதுதான் முதல் டிரைவ் என்று சாதிக்கும். அது யாருடையது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது. சித்திரையில் ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கையில் மயில் ஏற வேண்டிய இடத்தில் பள்ளிக்கூட முத்திரை ஏறிவிட்டது. பெண் வீட்டார் வந்து பேசிய பேச்சை அச்சில் ஏற்ற முடியாது.

அதற்குப் பிறகுதான் ஹெப்சிபாவைக் கூப்பிட்டார்கள். கிருஷ்ணன்கோவிலில் என்ஜினீயரிங் முடித்தவள். கூட்டத்தில் ஒருவரைத் தேடும்போது மூன்றாவதாக நிற்பவரே என்றா கூப்பிடுகிறோம், பெயரைச் சொல்லித்தானே என்று அண்ணாச்சியைக் கேட்டாள். எந்த ஓட்டையில் செருகினாலும் பென்டிரைவின் பெயரை வைத்தே கண்டுபிடிக்கும்படி புதிதாக எழுதினாள். யார் துணையும் இல்லாமல் அவள் எழுதிய முதல் புரோகிராம் அது. அது நிற்க வேண்டும் என்று ஒரு மாதமாகச் சோறு தண்ணீர் மறந்து ஆசைப்பட்டாள்.

அண்ணாச்சி நல்லவர், ஆனால் கெடு வைப்பார். "வெள்ளிக்கெழம சாயங்காலத்துக்குள்ள ஓடணும் பிள்ள. இல்லன்னா பழச எழுதுன கோயம்புத்தூர்க்காரன் ரிப்பேர் பாக்க சனிக்கெழம வாரேன்னுருக்கான்."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ராக்கப்பன் கவரை இறக்கிவிட்டுப் போனார். பென்டிரைவின் பெயர் ரோஜா என்று சண்முகத்தாய் போனிலேயே சொல்லியிருந்தாள். ஹெப்சிபா அதைச் செருகி, ROJA என்று பெயரைக் கொடுத்துத் தேடச் சொன்னாள். 'ROJA இல்லை' என்றது திரை. பிடுங்கி வேறு ஓட்டையில் செருகினாள். அப்போதும் இல்லை. அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

செருகியிருப்பதன் பெயர் என்னவென்று கம்ப்யூட்டரிடமே கேட்டாள். '2 ROJA' என்று வந்தது. அவளுக்கு உயிர் வந்தது.

"அண்ணாச்சி, இது ரெண்டாவது. ஒண்ணாவது எங்கயோ விட்டுப்போச்சு."

கவரைக் கிழித்து உதறினார்கள். அண்ணாச்சி ராக்கப்பனுக்குப் போன் போட்டார். பஸ் சேத்தூர் போய்ச் சேர்ந்திருந்தது. பாவம் அந்த மனிதர், சீட்டுக்கடியில் குனிந்து தேடி, ஒரு சீப்பும் அரை டஜன் எலுமிச்சம்பழமும் கிடைத்ததாகச் சொன்னார். நாலரை மணி ஆகிவிட்டது. ஹெப்சிபா சண்முகத்தாயைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒண்ணாம் நம்பர் பென்டிரைவ் வரல."

"ஒண்ணாம் நம்பரா? நான் அனுப்புனதே ஒண்ணுதானட்டி."

"பெறகு ரெண்டுன்னு போட்டிருக்கியளே?"

"ரெண்டா? அது பிள்ளையார் சுழிட்டி. அந்தப் பொட்டியில தமிழ் அடிக்கத் தெரியல. ரெண்டு பாக்கதுக்கு அப்படித்தான இருக்கு, அதான் போட்டேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காகும் என்பார்கள். இங்கே பிள்ளையாரே ரெண்டாகி வந்து உட்கார்ந்திருந்தார். ஹெப்சிபா பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைகளின் பரீட்சைத்தாளில் ஆயிரம் சுழி பார்த்தவள்தான். ஆனால் கீபோர்டில் அவர் எந்தக் கட்டையில் குடியிருப்பார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"அடுத்த தடவ அது இல்லாம பேர் வைங்கக்கா."

"சுழி போடாம எப்படிட்டி ஆரம்பிக்க? கை வராதே."

தலை குனிந்து ஒரு வார்த்தை ஜெபிக்காமல் ஹெப்சிபா ஒரு நாளும் கம்ப்யூட்டரைத் திறந்ததில்லை. அதை யாராவது விடச் சொன்னால் விடுவாளா? அக்காவின் மேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

"சரிக்கா, போட்டுக்கிடுங்க. நெசமாவே ரெண்டாவதுன்னா என்ன செய்வீக?"

"அத கடைசியில போடுவேன். இதுகூடத் தெரியாதா?"

போதுமே. பெயரின் முதலில் ரெண்டும் இடைவெளியும் வந்தால் வணங்கிவிட்டுத் தாண்டிப் போ, மிச்சத்தைப் பெயராகக் கொள் என்று இரண்டு வரி சேர்த்தாள். வேண்டுமென்றே இன்னும் இரண்டு பென்டிரைவைப் பக்கத்தில் செருகி, ஒன்றுக்கு '2 ROJA 2' என்று பெயரும் வைத்து, ரோஜாவைக் கூப்பிட்டாள். சரியான ரோஜா மட்டும் வந்தது. அண்ணாச்சிக்கு அப்போதும் நம்பிக்கையில்லை. மூன்றையும் பிடுங்கி, சீட்டுக்கட்டைப்போலக் கலைத்து, இடம் மாற்றித் தாமே செருகினார். வந்தது. மறுபடி கலைத்தார். மறுபடியும் வந்தது.

ஆறு மெஷினின் ஊசிகளும் ஒன்றாக இறங்கின. சிவப்பு நூலில் முதல் இதழ் விழுந்ததைக் குனிந்து பார்த்துவிட்டு, அண்ணாச்சி போனை எடுத்தார்.

"தம்பி, நாளைக்கு வர வேண்டாம்," என்றார் கோயம்புத்தூர்க்காரனிடம். "ரிப்பேர்லாம் இல்லப்பா. எங்கூர்ப் பிள்ள ஒண்ணு புதுசாவே எழுதிருச்சு. எப்படி எழுதுச்சுன்னா? அது எனக்கென்ன தெரியும். நம்பர் அனுப்புதேன், அதுகிட்டயே கேட்டுப் படிச்சுக்கோ."