மேஜர் கிருபாவின் மத்தியானச் சோறு

ராணுவ மருத்துவமனைகளில் இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்து, ஓய்வு பெற்றுத் துடியலூருக்குத் திரும்பியிருந்தார் மேஜர் கிருபா. அவருக்குப் பாராட்டு விழா எடுத்தவர் குடியிருப்போர் சங்கத் தலைவர் வெள்ளியங்கிரி. பேனரில் கிருபாவின் படம் தீப்பெட்டி அளவு. கும்பிட்ட கையோடு தலைவர் ஆளுயரம்.

"ஏனுங்க, பதினெட்டு முடிஞ்சாவே மேஜருதானுங்களே? இந்தம்மாவுக்கு அம்பதுக்கு மேல இருக்குமாட்ட இருக்குது, இன்னும் எதுக்கு அதைப் போட்டிருக்காங்க?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

மேடையிலிருந்த கிருபாவுக்குச் சிரிப்பு வந்தது. பசிதான் வருவதில்லை. மெஸ்ஸில் நாலு பேர் சளசளப்புக்கு நடுவே சாப்பிட்டுப் பழகிய தொண்டை, தனி வீட்டில் ரெண்டாவது வாய்க்கே அடைத்துக்கொண்டது. போட்ட ஜாக்கெட்டெல்லாம் தொளதொளத்துவிட்டது. அடிபட்டு வந்த எத்தனையோ பேருக்கு ஊட்டிவிட்டவர், தனக்கு இப்படி என்று யாரிடம் போய்ச் சொல்வது?

தலைவர் பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். எல்லைப் பனியில் தொடங்கி, பள்ளிக்கூடத்தில் தான் என்சிசியில் இருந்த கதைக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டார். கடைசியில், "மேஜரம்மா, என்ன வேணும்னாலும் கேளுங்க, சங்கம் செஞ்சுபோடும்!" என்றார்.

கிருபா மைக்கை வாங்கினார். "மத்தியானம் எங்கூட உக்காந்து சாப்பிட ஒரு ஆள் வேணுங்க."

தலைவர் அவசரமாக அடுத்த சால்வையைத் தேடினார். சால்வைத் தட்டோடு நின்ற அவர் மனைவி மாரியாத்தாள் தட்டைக் கீழே வைத்தார்.

"நான் வாரேனுங்க. இவரு எந்நேரமும் விழா விழான்னு போயிடறாரு. நானுஞ் செவுத்தப் பாத்துத்தானுங்க திங்கறேன்."

மறுநாளே பருப்புக் குழம்போடு வந்துவிட்டார். "இதென்னங்க, கோழி கொத்தறாப்பல? நல்லாப் பெசஞ்சு சாப்புடுங்க மேஜரு!"

கிருபா பிசைந்தார். ரெண்டாவது வாய் இறங்கியது. மூன்றாவதும். அப்போது மாரியாத்தாளின் போன் அடித்தது. வெள்ளியங்கிரிதான்.

"அம்மிணி, எனக்குச் சோறு?"

கிருபா போனை வாங்கினார். "இங்க இருக்குதுங்க. தயிரை எடுத்துட்டு ஒடனே வாங்க." ஒரு வார்டையே ஓடவைத்த குரல், வெகுநாளைக்குப் பிறகு வெளியே வந்தது.

சங்கத் தலைவர் லுங்கியோடு, தயிர்க் கிண்ணத்தோடு, முன்னுரை எதுவும் இல்லாமல் வந்து உட்கார்ந்தார். அவருக்குத் தட்டு வைத்துவிட்டு, கிருபா தனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.