எட்டை மூன்றாகப் படித்த நாள்

என் மனைவி கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். கடைவீதிக் கோடியில், மருந்துக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் கடை. உள்ளே கண் பரிசோதிக்கும் எந்திரம் ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் அதில் மோவாயைப் பொருத்தி, நெற்றியை ஒட்டவைத்து, ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும். வாயைத் திறக்க முடியாது. என் மனைவிக்கு அதுதான் வசதி. அன்று காலை கம்ப்யூட்டர், போன், இணையம் பற்றி என்ன செய்தி படித்தாளோ, அதைப் பற்றிய அபிப்பிராயம் முழுவதையும் அந்த நேரத்துக்குள் கொட்டிவிடுவாள்.

"நம்மகிட்ட பாஸ்வேர்டு கேக்கறப்போ எட்டு எழுத்து வேணும், நம்பர் வேணும், நட்சத்திரம் வேணும்பாங்க. அவங்க வீட்டுக் கதவை மட்டும் ஆன்னு திறந்து போட்டுட்டுத் தூங்குவாங்க. இப்போ தெரியறது தெளிவா இருக்கா, முன்னாடி தெரிஞ்சது தெளிவா?"

வாடிக்கையாளர் விரலை நீட்டிக் காட்டுவார். அவள் அடுத்த செய்திக்குப் போவாள்.

"குழந்தை ஆடுற வீடியோல பின்னாடி நாலு செகண்ட் பாட்டு கேட்டுச்சாம். தூக்கிட்டாங்க. அந்தப் பாட்டு எழுதினவர் செத்தே முப்பது வருஷம் ஆச்சு. யாரோட உரிமையை யாரு காப்பாத்துறாங்களோ!"

என் தம்பி அவளுக்கு வைத்த பெயர் 'தலையங்கம்'. கடைப் பக்கம் வந்தால் வாசலில் நின்றே, "அண்ணி, இன்னிக்கு யாரைக் கிழிச்சாச்சு?" என்று கேட்பான். வங்கி, போன் கம்பெனி, அரசாங்கம், ஆஸ்பத்திரி, எதுவானாலும் பெரிதாக இருந்தால் போதும், அவளுக்கு அதன்மேல் ஒரு சந்தேகம் இருக்கும். நான் லிஃப்ட் மெக்கானிக். கம்பி இழுக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கதவு சரியாக மூடுகிறதா என்பதற்கு மேல் எனக்கு அபிப்பிராயங்கள் குறைவு.

போன வருஷம் என் காதுக்குக் கீழே, கழுத்தோரம் ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. சவரம் செய்யும்போது கையில் தட்டுப்பட்டது. அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி குத்திக் கொஞ்சம் சதை எடுத்தார்கள். முடிவு ஐந்து நாளில் போனுக்கு வரும் என்றார்கள்.

அந்த ஐந்து நாளும் அவள் ஒரு செய்தியும் படிக்கவில்லை. எனக்குப் பயம் வந்தது அதனால்தான்.

சனிக்கிழமை மத்தியானம் நான் கடையில் இருந்தபோது போனில் செய்தி வந்தது. ஒரு இணைய முகவரி, கடைசியில் நீளமாக ஓர் எண். போன் திரை சிறியது என்று, கடைக் கம்ப்யூட்டரில் அந்த முகவரியை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தாள். ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவள், தன் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு, ஓர் எட்டை மூன்றாகப் படித்துவிட்டாள்.

பக்கம் திறந்தது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். திரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தேன். அதிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"என்ன போட்டிருக்கு?" என்றேன்.

நானே எட்டித் திரையைப் பார்த்தேன். புற்றுநோய் என்று போட்டிருந்தது. உடனே சிகிச்சை தொடங்க வேண்டும் என்றும் இருந்தது. நான் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் ஞாபகத்துக்கு வந்தாள். சம்பந்தமே இல்லாமல், திங்கட்கிழமை ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் மாற்ற வேண்டிய கம்பியும் ஞாபகத்துக்கு வந்தது.

"இருங்க," என்றாள் அவள். கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டாள். "வயசு அம்பத்தெட்டுன்னு போட்டிருக்கு. உங்களுக்கு நாப்பத்தொம்போது. பேரும் உங்க பேர் இல்ல. ஐயோ, இது நீங்க இல்லங்க!"

சரியான எண்ணை அடித்தாள். என் அறிக்கை வந்தது. வெறும் கொழுப்புக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதோம், சிரித்தோம். தையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு நாகரிகமாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பிறகு அவள் மெல்லச் சொன்னாள்: "நீங்க இல்லன்னதும் எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு, பாத்தீங்களா? ஆனா அது யாரோ ஒருத்தர்."

முந்தைய பக்கத்துக்குத் திரும்பினாள். அடியில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'நோயாளிக்கு இன்னும் தெரிவிக்கப்படவில்லை.' தேதி நாற்பது நாளைக்கு முந்தியது.

"நம்பரை மாத்தினா யாரோட ரிப்போர்ட் வேணும்னாலும் திறக்கும் போலிருக்கு," என்றேன். "இன்னொண்ணு போட்டுப் பாரேன்."

"மாட்டேன்," என்றாள். "தெரியாமத் திறந்தது ஒண்ணு. தெரிஞ்சு திறந்தா அது திருட்டு."

அறிக்கையில் அந்த மனிதரின் போன் எண் இருந்தது. கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றேன். அதற்கும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "கண்ணாடிக் கடைக்காரி போன் பண்ணி உங்களுக்குக் கேன்சர்னு சொல்றதா? எதிர்ல டாக்டர் உக்காந்து, அடுத்தது என்னன்னும் சேத்துச் சொல்லணும். ஆஸ்பத்திரியைத்தான் அசைக்கணும்."

அசைக்கப் பார்த்தாள். போன் போட்டால் பதிவு செய்த குரல் ஒன்று, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று இருபது நிமிஷம் சொல்லிவிட்டுத் தானே வைத்துவிட்டது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, பெயரையும் போன் எண்ணையும் கறுப்பாக அடித்து, மின்னஞ்சலில் அனுப்பினாள். இரண்டே விஷயம்தான் எழுதினாள்: இந்தக் கதவு திறந்து கிடக்கிறது, மூடுங்கள்; இந்த அறிக்கை எண்ணுக்குரியவருக்கு இன்றே சொல்லுங்கள்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. ஆஸ்பத்திரியின் சட்டப் பிரிவிலிருந்து இரண்டு பக்கம். அனுமதி இல்லாமல் எங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழைந்திருக்கிறீர்கள், அது குற்றம். அறிக்கைப் பக்கத்தின் வடிவமைப்பு எங்கள் பதிப்புரிமைக்கு உட்பட்டது, அதைப் படம் எடுத்தது இன்னொரு மீறல். படத்தை அழித்துவிட்டு, இதைப் பற்றி யாரிடமும் பேச மாட்டேன் என்று கையெழுத்திட்டு ஏழு நாளுக்குள் அனுப்புங்கள், இல்லாவிட்டால் போலீசில் புகார்.

"அவங்க பக்கத்தை அவங்களுக்கே அனுப்பினதுக்குப் பதிப்புரிமை மீறலாம்," என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. அச்செடுத்த காகிதத்தைத் திரும்பவும் முதல் வரியிலிருந்து படித்தாள். ஊரில் உள்ள அத்தனை பெரிய கம்பெனியையும் வாயால் கிழித்தவளுக்கு, நிஜமாகவே ஒரு பெரிய கம்பெனி பதில் எழுதியது அதுதான் முதல் தடவை.

தம்பி அன்று வீட்டுக்கு வந்திருந்தான். கடிதத்தைப் படித்ததும் அவனுக்கும் கேலி செய்யத் தோன்றவில்லை. "அண்ணி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு விட்டுருங்க. அவங்களோட நம்மால மல்லுக்கட்ட முடியாது. இல்லன்னா எல்லாத்தையும் இணையத்துல போட்டு நாற அடிச்சிருங்க. ரெண்டுல ஒண்ணு."

"போட்டா என்ன ஆகும்? வேலைவெட்டி இல்லாதவன் எல்லாம் உக்காந்து நம்பரை மாத்தி மாத்தி அடிப்பான். நாளைக்கு ஊர்ல இருக்கறவங்க நோய் எல்லாம் தெருவுல கிடக்கும். கதவை மூடற வரைக்கும் நான் வாயைத் திறக்கக் கூடாது." கடிதத்தை மடித்துவிட்டு, "எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு," என்றாள்.

கையெழுத்தும் போடவில்லை. மறுநாள் நான் வேலைக்கு விடுப்புச் சொன்னேன். கடையைப் பூட்டிக்கொண்டு இருவரும் ஆஸ்பத்திரிக்கு நேரில் போனோம். வரவேற்பில் இருந்த பெண், புகார் என்றால் இணையத்தில் கொடுக்கச் சொன்னாள். ஏற்கெனவே கொடுத்தோம் என்றால், பதில் வரும் என்றாள். பதிலும் வந்துவிட்டது என்றோம். பிறகென்ன என்று எங்களையே கேட்டாள். மூன்று மாடி அலைந்த பிறகு துப்புரவு வேலை பார்க்கும் ஓர் அம்மாதான் வழி சொன்னார்: "ரிப்போர்ட் விஷயமா? கீழ, பதிவறைக்குப் போங்க. அங்க ஒருத்தர் இருக்கார், அவர் காது குடுத்துக் கேப்பார்." அந்த அம்மா நன்றாக இருக்கட்டும்.

பதிவறை அடித்தளத்தில் இருந்தது. இரும்பு அலமாரிகள், ஈரக் காகித வாசனை, ஓயாமல் முனகும் ஒரு மின்விசிறி. மேஜைக்குப் பின்னால் நாற்பது வயதுக்காரர் ஒருவர். பருமனான உடம்பு. மூக்கிலிருந்து நழுவிக்கொண்டே இருந்த கண்ணாடியை இடது கையால் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டிருந்தார்.

"முதல்ல அதைக் கழட்டிக் குடுங்க," என்றாள் என் மனைவி. அவர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். கைப்பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்து, மறையை இறுக்கிக்கொண்டே நடந்ததை முழுக்கச் சொன்னாள். அவர் கண்ணாடி இல்லாமல் எங்களை மங்கலாகப் பார்த்துக்கொண்டு கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, அந்த எண்ணைத் தன் கம்ப்யூட்டரில் அடித்தார்.

"இவருக்குச் சொல்லவே இல்லையே," என்றார். குரல் இறங்கிவிட்டது. "நாப்பது நாள் முன்னாடி புது சாஃப்ட்வேருக்கு மாறினோம். யார் யாரைக் கூப்பிடணும்னு பழசுல ஒரு பட்டியல் இருந்துச்சு. அது இதுக்கு வரல போலிருக்கு." இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்தார். "நான் சரிபாத்திருக்கணும். இது எங்க தப்பும்மா."

பெரிய இடத்திலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வரும் என்று என் மனைவி எதிர்பார்க்கவே இல்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

அவர் உடனே போனை எடுத்தார். மேல் மாடியில் இருந்த டாக்டரைப் பிடித்தார். "இல்ல டாக்டர், சாயங்காலம் இல்ல. இப்பவே கூப்பிட்டு, நாளைக்குக் காலைல முதல் ஆளா வரச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்," என்றார். டாக்டர் இன்னொரு போனில் அந்த மனிதரை அழைத்து நாளை வருவதாக அவர் சொல்லும்வரை இவர் இந்தப் பக்கம் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம்.

பிறகு சட்டப் பிரிவின் கடிதத்தை வாங்கிப் படித்தார். எந்த அறிக்கையை யார் எப்போது திறந்தார்கள் என்று கம்ப்யூட்டரில் ஒரு பதிவு இருக்குமாம், அதை எடுத்துப் பார்த்தார்.

"உங்க கடைலேர்ந்து ரெண்டே அறிக்கைதான் திறந்திருக்கு. ஒண்ணு தப்பா வந்தது, ஒண்ணு உங்களோடது. வேற எதையும் நீங்க தொடல."

"தொடலன்னுதானே சொல்றேன்."

"நீங்க சொல்றது வேற, எங்க பதிவே சொல்றது வேற. இருங்க."

ஒரு தாளை எடுத்துத் தன் கையாலேயே இயக்குநருக்கு எழுத ஆரம்பித்தார். தவறு நம்முடையது, இந்த அம்மாள் நமக்கு உதவி செய்திருக்கிறார், இவர்மேல் புகார் கொடுப்பது முறையல்ல என்று எழுதி, பதிவின் நகலை இணைத்து, கீழே பதவியோடு கையெழுத்திட்டார்.

"இதனால உங்களுக்கு ஏதாவது சிக்கல் வருமா?" என்று கேட்டேன்.

"வரலாம்," என்றார். "அதுக்காக எழுதாம இருக்க முடியுமா?"

வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் மூடப்பட்டது. இப்போது போனுக்கு வரும் ரகசிய எண்ணைப் போட்டால்தான் அறிக்கை திறக்கிறது. அடுத்த புதன்கிழமை இயக்குநரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சட்டப் பிரிவின் கடிதம் 'தவறான புரிதலால்' அனுப்பப்பட்டதாம், திரும்பப் பெறுகிறார்களாம். "தவறான புரிதலாம்ல! புரிஞ்சுதான் அனுப்பினாங்க," என்றாள். ஆனால் கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. பழைய பட்டியலைத் தேடி எடுத்துச் சரிபார்த்ததில், முடிவு தெரிவிக்கப்படாமல் விடுபட்டவர்கள் மேலும் பதினோரு பேர். எல்லோரையும் அழைத்துவிட்டார்கள். அந்த வரிக்கு அவள் அபிப்பிராயம் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பத் திரும்பப் படித்தாள்.

அன்று மாலை பதிவறைக்காரர் கடைக்குப் போன் செய்தார். "அந்த ஒருத்தரைப் பத்தி நீங்க கேக்கக் கூடாது, நான் சொல்லவும் கூடாது. ஆனா நான் இன்னிக்கு நிம்மதியாத் தூங்குவேன். நீங்களும் தூங்குங்க."

அவருக்கு எழுத்தில் ஒரு கண்டனம் கொடுத்திருந்தார்கள், சரிபார்க்காமல் விட்டதற்காக. அதை அவராகச் சொல்லவில்லை, கேட்டதால் சொன்னார். "தப்பு பண்ணினேன், குடுத்தாங்க. அது நியாயம்தான்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என் மனைவி சாப்பாட்டு மேஜையில் ஒரு தாளோடு உட்கார்ந்தாள். திட்டுவதென்றால் மூச்சு விடாமல் பத்து பக்கம் எழுதுவாள். அன்று முழுக் காலையும் போயும் நான்கு வரிதான் தேறியது. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, நல்லதா எழுத வரலயா?" என்று சிரித்தாள். திங்கட்கிழமை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் எழுந்து நின்று படித்தார்.

'ஐயா, நீங்கள் கேட்டீர்கள், நம்பினீர்கள், உடனே செய்தீர்கள். எங்களுக்கு நல்ல செய்தி வந்த நாளில் பன்னிரண்டு குடும்பங்களுக்குச் செய்தியே வராமல் இருந்தது. இப்போது வந்திருக்கிறது. உங்களுக்கு நாங்கள் என்றும் நன்றியுள்ளவர்கள்.'

"இங்க வர்றதெல்லாம் புகார்தாம்மா," என்றார். "நன்றிக் கடிதத்துக்கு இங்க ஃபைலே கிடையாது." மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எங்களுக்கு டீ சொன்னார். மூவரும் அந்த அலமாரிகளுக்கு நடுவே நின்றபடி குடித்தோம்.