மார்த்தா கீன் எழுத மறுத்த கடிதம்

1

இந்தக் கதையை அம்மாவின் தகரப்பெட்டியிலிருந்து திருடினேன். என் பிறப்புப் பத்திரத்துக்கு அடியில் ஓர் ஆங்கிலக் கடிதம். 17 மார்ச் 1988. கையெழுத்து: மார்த்தா கீன், வானியலாளர், அமெரிக்கா.

மார்த்தா பிறந்த சோளக்காட்டில் காற்று...

(வேண்டாம். நான் சோளக்காட்டைப் பார்த்ததில்லை. எண்ணெய்ப்பனை என்றால் நூறு பக்கம் எழுதுவேன்.)

2

இரவுக் குளிர் பெண்ணின் கருப்பைக்கு ஆகாது என்று ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்ததால், இளம் மார்த்தாவைத் தொலைநோக்கிக் கூடத்துக்குள் விடவில்லை. ஆறு வருடம் அடுத்தவர் எடுத்த படங்களில் நட்சத்திரம் எண்ணினாள். பிறகு சண்டை போட்டு உள்ளே போனாள். ஏழு கிரகணங்களைத் துரத்தினாள், நான்கில் மேகம். எட்டாவதுக்குச் சுமத்திரா போகும் வழியில் கால் சுளுக்கி, கடலுக்கு இக்கரையில் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் எங்கள் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துத் துரை பங்களாவில் தங்கிவிட்டாள். இங்கே சூரியன் முழுதாக மறையாது. அதுவும் போதும் என்றாள்.

(மருத்துவரின் கடிதம் என் கற்பனை. கதைக்கு வேண்டியிருந்தது.)

3

அமராவதி ஐந்து மாதக் கர்ப்பிணி. புல்லுக்கு விஷமருந்து அடிக்கும் வேலை. தினமும் வாந்தி, மூக்கில் ரத்தம். வேலை வாங்கும் மண்டோர் லீவு தரவில்லை. (அமராவதி என் அம்மா. நேரில் 'அவள்' என்றால் அடி விழும்.)

கிரகணத்துக்கு முதல் நாள், தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி கார்த்திகேசுவை மொழிபெயர்க்க அழைத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனாள்.

"கெரகணத்துல புள்ளத்தாச்சி வெளிய வந்தா புள்ளைக்கு ஒதடு பொளந்துடும்னு தொரைக்கு எழுதிக் குடுக்கச் சொல்லுங்கய்யா. இவங்க சொன்னா கேப்பாருலா."

மார்த்தா மறுத்துவிட்டாள். "இப்படி ஒரு பொய்க் கடிதம்தான் என்னை ஆறு வருடம் வெளியே நிறுத்தியது."

"ஒரு நாளாச்சும் அந்த மருந்த மோந்து பாக்காம இருக்கணும்யா."

கிராணி இதையும் சொன்னதும் மார்த்தா பேனாவைத் திறந்தாள். 'நாளை வெளியே என்னுடன் கடிகாரம் பார்த்து நேரம் சொல்ல எனக்கு இந்தப் பெண் வேண்டும்.' பொய்யில்லாத கடிதம்.

கிராணி படித்துக் காட்டினார். அமராவதியின் முகம் சுருங்கிவிட்டது. "வெளிய நிக்கணுமாய்யா?"

அவள் முதலில் சொன்னது லீவுக்கான சாக்கு இல்லை. உதட்டைப் பற்றிய பயம் நிஜம். மருந்துக்கும் கிரகணத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது.

4

முடிவு ஒன்று: வயிற்றைச் சேலையால் இறுக மூடிக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல், கடைசிவரை நேரம் சொல்கிறாள்.

முடிவு இரண்டு: தொழிலாளர் லயத்தில் தன் வீட்டில் கதவடைத்துப் படுத்திருக்கிறாள். கிராணி கடிகாரம் பிடிக்கிறார். மார்த்தா குறிப்பேட்டில் 'உதவியாளர்: அமராவதி' என்று தன் வாழ்நாளின் ஒரே பொய்யை எழுதுகிறாள்.

அம்மாவைக் கேட்கலாமே என்பீர்கள். கேட்டேன். "அன்னிக்கு நல்ல வெயிலு" என்றார்.

என் உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: புத்தகத்தில் என் படம் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எந்த முடிவையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் விட்டுத்தர மாட்டேன்: அன்று முழுக்க அம்மாவின் மருந்துப் பம்பு ஸ்டோரில் ஆணியில் தொங்கியது.