சும்மா நிற்கும் மிசின்

12.3.1988, சனி. இன்று என்னால் ஒருவருக்குப் பஸ் போய்விட்டது. பழைய மிசின் சும்மா நின்றதால் அவரை அதற்கு அனுப்பினேன். தப்பு அங்கேதான் என்று நினைக்கிறேன். உறுதியில்லை.

தட்டச்சு வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதை எழுதிவிட்டுத் தங்கச்செல்வி யோசித்தாள். பகலில் பாளையம்பட்டி மாவுமில்லில், வரிசையில் வருகிறவர்களை எந்த மிசினுக்கு அனுப்புவது என்று பார்ப்பது அவள் வேலை. புது மிசின் ஒரு பையை நான்கு நிமிடத்தில் அரைக்கும், பழையது பன்னிரண்டு. எம்.ரெட்டியபட்டியிலிருந்து கம்பு அரைக்க வந்த மூக்கம்மாளுக்கு முன்னால் புது மிசினில் ஒரே ஆள்தான் நின்றார். அவளைப் பழையதற்கு அனுப்பியதில், பின்னால் வந்தவர்கள் முன்னால் போனார்கள். ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு வரும் பஸ்ஸும் போனது. அடுத்தது ஏழு மணிக்கு. அவள் வீட்டில் ஆட்டை அடைக்க வேறு ஆளில்லை.

வாரம் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தாள். முன்னால் இரண்டு பேர் வரை இருந்தால் புது மிசினுக்குக் காத்திருப்பதில் நட்டமில்லை. மூன்றாவது ஆள் சேர்ந்தால்தான் பழையதற்குப் போகலாம்.

மில்காரர் ராஜகுருவுக்கு இது ஏறவில்லை. "மிசினையும் நிப்பாட்டி ஆளையும் நிக்க வைக்கணுமா? இதத்தான் டைப்புக் கிளாசுல சொல்லித் தாராகளா?"

"ஒரு நா மட்டும் பாப்போம் அண்ணாச்சி."

மறு சனிக்கிழமை மூக்கம்மாள் வந்தபோது மணி நாலே முக்கால். முன்னால் இரண்டு பேர்.

"சும்மா நிக்கிற அந்த மிசினு என்ன, சமஞ்ச பிள்ளையா? தொடக் கூடாதோ?"

"பொறுங்க பெரியம்மா. பஸ்ஸுக்கு நானாச்சு."

ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கையில் மாவு பைக்குள் விழுந்தது. தங்கச்செல்விக்கு அன்று வகுப்பில் விரல் தானாக ஓடியது.

திங்கட்கிழமை மூக்கம்மாள் மாவோடு திரும்பி வந்தாள்.

"பஸ்ஸு கெடச்சுச்சு, ஆட்டையும் அடச்சுட்டேன். விருந்துக்கு வந்த மருமகன்தான் கூழக் குடிச்சிட்டு ஒரு கொடம் தண்ணி குடிச்சாரு."

ராஜகுரு சிரிப்பை மறைக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கச்செல்விக்கு அப்போதுதான் உறைத்தது. மூக்கம்மாளுக்கு முன்னால் அரைத்தது மிளகாய் வத்தல். அரைத்ததும் ஒரு படி தவிட்டை ஓட்டி மிசினைச் சுத்தம் செய்திருக்க வேண்டும். நிமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அதை மறந்துவிட்டாள். ராஜகுரு வேறு கம்பு அளந்து அரைத்துக் கொடுத்தார்.

21.3.1988, திங்கள். ஆட்களை எண்ணினேன், பைக்குள் என்ன என்று பார்க்கவில்லை. பழைய மிசினை வத்தலுக்கு மட்டும் ஒதுக்கினால் அதுவும் சும்மா நிற்காது, கம்பு மாவிலும் காரம் ஏறாது. வத்தல்காரர்கள் பன்னிரண்டு நிமிடம் பொறுப்பார்களா, தெரியவில்லை. நாளை வேலை: காலையிலிருந்து வத்தல் பைகளைத் தனியாக எண்ண வேண்டும்.