இந்தப் பக்கம் உதவியாக இருந்ததா?

நாற்பத்திரண்டு மணி நேரம் இருந்தது. மூன்றாம் மாடி ஆய்வகத்தை வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மறுபடியும் திறக்கிறார்கள் என்ற அறிவிப்பு, புதன்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பல்கலைக்கழக இணையதளத்தில் வந்தது. முதலாமாண்டு மாணவர்கள் பதினோரு பேர் அன்றே செய்முறை வகுப்புக்கு வரவேண்டும் என்று அடியில் போட்டிருந்தார்கள்.

பொடிசு அதை இரண்டு முறை படித்தாள். ஆள் குள்ளம், ஒல்லி என்பதால் ஆய்வகத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆராய்ச்சிப் படிப்பில் இரண்டாம் வருடம். கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுகிற சுபாவம்.

செவ்வாய்க்கிழமை காலை அந்த ஆய்வகத்தில் சீனியர் அக்கா தனியாக வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்துவிட்டாள். முதலில் உள்ளே ஓடியது பொடிசுதான். வாசலில் ஒரு நொடி அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. அடுத்த நொடி இல்லை. ஹைட்ரஜன் சல்பைடு அப்படித்தான். கொஞ்சமாக இருந்தால் நாறும். அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நிம்மதியாக மூச்சை இழுக்கும்போதே ஆள் சாய்ந்துவிடலாம். பொடிசு மூச்சை அடக்கிக்கொண்டு ஜன்னல்களைத் திறந்தாள். அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்து வராந்தாவுக்கு இழுத்து வந்தாள்.

பாதுகாப்புப் பிரிவு ஆட்கள் வந்தபோது அறை காற்றோட்டமாக இருந்தது. சுவரில் வாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி பச்சை விளக்கோடு சமர்த்தாக இருந்தது. துறைத் தலைவர் அவர்களிடம் கருவியைக் காட்டினார். அலாரம் அடிக்கவில்லை, அதனால் வாயு இல்லை. வாயு இல்லையென்றால் அந்தப் பெண் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறாள். அவர்களும் தலையாட்டி எழுதிக்கொண்டு போனார்கள். அக்கா ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் முகமூடியோடு படுத்திருந்தாள். இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை.

அலாரம் ஏன் அடிக்கவில்லை என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். துறைத் தலைவருக்கும் பொடிசுக்கும். அவளுடைய உதவித்தொகை, ஆய்வேடு, நாளைக்கு எங்கேயாவது வேலை கிடைப்பது எல்லாமே அவருடைய கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

புதன்கிழமை மாலை, அண்ணன் வீட்டில் தனக்கென்று ஒதுக்கிய சின்ன அறையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். யாரிடமும் வாய் திறக்காமல் சொல்ல ஒரு வழி இருக்கும். இவ்வளவு பெரிய பல்கலைக்கழகம், விதி போட்டு வைக்காமலா இருப்பார்கள்?

விதிகள் இருந்தன, கொள்ளை கொள்ளையாக. கொள்கைகள் ஒரு பக்கம், நடைமுறைகள் இன்னொரு பக்கம், வழிகாட்டுதல்கள் வேறொரு பக்கம். மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று எங்கும் இல்லை. ஆய்வக விபத்து என்று தேடினால் மாணவர் விடுதியில் தீப்பிடித்தால் செய்யவேண்டியவை வந்தது. அகரவரிசையில் தேடினாள். கடைசியில் ஆய்வகப் பாதுகாப்பு, கட்டடப் பராமரிப்பு அலுவலகத்தின் கீழே, தோட்டத்துக்கும் வாகன நிறுத்தத்துக்கும் நடுவில் கிடந்தது. திறந்தாள். ஆபத்து எதையும் கண்டால் உடனே உங்கள் ஆய்வகத் தலைவரிடம் தெரிவிக்கவும் என்றது. அந்த ஆய்வகத்துக்குத் தலைவரும் துறைத் தலைவரேதான்.

இன்னொரு பக்கத்தில் பாதுகாப்பு அதிகாரியின் பெயரும் எண்ணும் இருந்தன. அந்த மனிதர் ஓய்வு பெற்ற விருந்துக்கு அவளே போயிருக்கிறாள். வேறொன்று, யாரோ பக்கவாட்டில் வைத்து ஸ்கேன் செய்த கோப்பு. கழுத்தைச் சாய்த்து வைத்துப் படித்தாள். பெயர் வெளியிடாமல் புகார் செய்ய நடைமுறை எண் 7-ஐப் பார்க்கவும் என்றிருந்தது. அந்த எண்ணை அழுத்தினால், நீங்கள் தேடும் பக்கம் இடம் மாறியிருக்கிறது என்று ஒரு பொம்மை கைவிரித்தது.

கடைசியாக ஒரு படிவம் அகப்பட்டது. பல்கலைக்கழக அடையாள எண்ணோடு உள்ளே நுழையச் சொன்னது. நுழைந்த பிறகு சின்ன எழுத்தில் ஒரு வரி: இதன் நகல் தங்கள் துறைத் தலைவருக்குத் தானாகவே அனுப்பப்படும். அவள் கையைச் சுட்டுக்கொண்டவள்போல் இழுத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கேள்வி இருந்தது. இந்தப் பக்கம் உங்களுக்கு உதவியாக இருந்ததா? ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். அவள் ‘இல்லை’யை அழுத்தினாள். போன பக்கங்களுக்கெல்லாம் திரும்பிப் போய் அவற்றிலும் ‘இல்லை’யை அழுத்தினாள்.

“என்னடி, அதை இந்த முறை முறைக்கற? அது உன் கையைப் பிடிச்சு இழுத்துச்சா?” அண்ணி கதவோரம் நின்று சிரித்தாள்.

“ஒண்ணுமில்ல அண்ணி.”

“ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு? உங்கண்ணன் வந்தா நான் ஏதோ திட்டிட்டேன்னு நினைச்சுக்குவார். வந்து சாப்பிடு.”

தட்டின் முன் உட்கார்ந்தபோது கைப்பேசி அடித்தது. துறைத் தலைவர்.

“பொடிசு, சாப்பிட்டியாம்மா?” குரல் எப்போதும்போல் மெத்தென்று இருந்தது.

“சாப்பிடறேன் சார்.”

“யாராவது வந்து கேப்பாங்க. என்ன சொல்லணும்னு தெரியும்ல?”

“தெரியும் சார்.”

“சொல்லு, கேப்போம்.”

“அக்கா காலையில சாப்பிடலை.”

“கெட்டிக்காரி. உன் முதல் அத்தியாயம் என் மேசை மேலதான் இருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உக்காந்து பார்த்துடலாம்.”

அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். அண்ணி தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வியாழக்கிழமை காலை பேருந்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. முதலாமாண்டுப் பெண் ஒருத்தி. அக்கா, நாளைக்கு லேபுக்குச் செருப்புப் போட்டு வரலாமா, ஷூ கட்டாயமா? பொடிசு பதில் அனுப்பினாள். ஷூ கட்டாயம், பாதுகாப்புக்காக. அனுப்பிய பிறகும் அந்தக் கடைசி வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கி நடக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

“நம்ம இணையதளத்துல நேத்து சாயங்காலம் ‘இல்லை’ன்னு பதினாலு தடவை அழுத்தினது நீங்கதானே?” ஒரு பெண் குரல்.

பொடிசு நடைபாதையிலேயே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர் இடித்துக்கொண்டு முணுமுணுத்துப் போனார். அடையாள எண்ணோடு உள்ளே நுழைந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு சொடுக்கும் அவள் பெயரில் எங்கோ பதிவாகியிருக்கிறது.

“நான்... தெரியாம அழுத்திட்டேன்.”

“ஐயையோ, திட்டக் கூப்பிடலைம்மா! ஆறு வருஷமா இந்தப் பக்கங்களைக் கட்டி மேய்க்கறேன். ஒருத்தர்கூட ஒரு பொத்தானைத் தொட்டதில்ல. நீங்க பதினாலு தொட்டிருக்கீங்க, உங்களுக்கு மாலைதான் போடணும். நாலு மணிக்கு ஒரு அரை மணி நேரம் வர முடியுமா? புதுசா மாத்தறோம், யாராவது பயன்படுத்திப் பார்த்துச் சொல்லணும்.”

முடியாது என்று சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

நாலு மணிக்குப் போனாள். இன்னும் பதினேழு மணி நேரம். இணையதளப் பிரிவு நிர்வாகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரே அறை. கூப்பிட்டவர் அங்கே தொகுப்பாளர். ஐம்பதை நெருங்குகிறவர், தலைமேல் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. பொடிசைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்துப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பயப்படாதீங்க. பரீட்சை உங்களுக்கில்ல, இதுக்கு. நீங்க திண்டாடினா மார்க் எங்களுக்குத்தான் குறையும். ஒரே ஒரு விதி. மனசுல ஓடறதையெல்லாம் வாயால சொல்லிக்கிட்டே போகணும். ‘இதை அழுத்தறேன், இது புரியலை, இதைக் கட்டினவன் நாசமாப் போக’, எதுவா இருந்தாலும் சரி. பேச்சு பதிவாகும். சரியா?”

பொடிசு தலையாட்டினாள்.

“தலையாட்டினா பதிவாகாதும்மா.”

“சரி மேடம்.”

“நீங்க அழுத்தின பக்கங்களை வச்சுத்தான் கேள்வி போட்டிருக்கேன். ஆய்வகத்துல ஒரு ஆபத்தைப் பார்த்துட்டீங்க, அதைச் சொல்லணும், எங்க போவீங்க? சும்மா ஏதாவது கற்பனை பண்ணிக்கங்க.”

தேடுகிறேன் என்றாள். தோட்டம் வந்திருக்கு என்றாள். தொகுப்பாளர் “கர்மம்” என்று எழுதிக்கொண்டார். ஆய்வகத் தலைவரிடம் சொல்லச் சொல்லுது என்றாள். படிவத்துக்கு வந்தாள். அங்கே குரல் நின்றுவிட்டது.

“ஏன் நின்னுட்டீங்க? என்ன ஓடுது மனசுல?”

“நகல் துறைத் தலைவருக்குப் போகும்னு போட்டிருக்கு.”

“அந்த வரியை யார் வச்சாங்கன்னே தெரியலை. சரி, போகட்டுமே, அவருக்கும் தெரியணும்தானே?”

“அவரைப் பத்திச் சொல்லணும்னா?”

தொகுப்பாளரின் பேனா நின்றது. மேசைமேல் பொடிசின் கைப்பேசி அதிர்ந்தது. திரையில் ‘துறைத் தலைவர்’ என்று ஒளிர்ந்ததை இரண்டு பேரும் பார்த்தார்கள். அது அதிர்ந்து அதிர்ந்து விளிம்புவரை நகர்ந்து ஓய்ந்தது.

தொகுப்பாளர் எட்டிப் பதிவை நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“எந்த ஆய்வகம்?”

“மூணாம் மாடி.”

“நாளைக்குத் திறக்கறாங்கன்னு அறிவிப்பைப் போட்டதே நான்தான்.” அவர் குரல் தணிந்துவிட்டது. “இது கற்பனை இல்ல, அப்படித்தானே?”

பொடிசு மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

“இங்க பாரும்மா, எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீ சொல்லிட்டா நான் கேக்காத மாதிரி இருக்க முடியாது. உன்னைக் கூட்டிக்கிட்டு மேல பதிவாளர்கிட்ட போவேன், அவர் உன் பேரைக் கேப்பார், எழுதுவார். மறைக்க முடியும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். எழுந்து போகணும்னா இப்பவே போயிடு. நான் தப்பா நினைக்க மாட்டேன்.”

கதவு மூன்றடியில் திறந்திருந்தது. வெளியே போனால் பேருந்து, அண்ணி, தட்டு, தூக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் அத்தியாயம். அதற்கு முன் காலை ஒன்பது மணிக்கு, ஷூ போட்டுக்கொண்டு பதினோரு பேர் அந்த அறைக்குள் போவார்கள். நாற்றம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

எழுந்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு அறையில வாயு இருந்துச்சு மேடம்” என்றாள். “அலாரம் அடிக்கலை. அடிக்காது. போன மாசம் வெளியிலிருந்து ஆளுங்க பார்க்க வந்தப்ப சும்மா சும்மா கத்துதுன்னு சார் அதோட வயரைப் பிடுங்கிட்டார். விளக்கு மட்டும்தான் எரியுது. அவர் ஏறி நின்ன ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டது நான்.”