கூடைக்குக் குரைத்த சிம்சிம்

தஹானி டீச்சருக்கு நாய் என்றாலே ஆகாது. அவளுடைய அக்கா இனாயத்துக்கோ நாய் என்றால் உயிர். போன குளிர்காலத்தில் கண்ணை மூடுவதற்கு முன் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "சிம்சிமை யாருக்கும் குடுத்துடாதடி." தஹானி சரி என்று தலையாட்டினாள். சுப்ரா பேட்டைப் பெண்கள் பள்ளியில் இருபத்தாறு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். அவள் தலையாட்டினால் ஆட்டியதுதான்.

சிம்சிம் வெள்ளை வெளேர் என்று, சின்னத் தலையணை அளவில் இருக்கும். குரல் மட்டும் நாலு மாடிக்கும் காணும். அது வாயைத் திறந்தால் தெருமுனை காப்பிக்கடையில் பகடை உருட்டுகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஆகஸ்டு முதல் வெள்ளிக்கிழமை, கட்டடச் சங்கத்துத் தலைவர் வக்தி ஒரு காகிதத்தோடு வந்து நின்றார்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. நாலாவது மாடி அம்மா தினம் மூணு தரம் போன் பண்றாங்க. எனக்குக் காதே கொதிக்குது. ரெண்டு வாரம் டைம். அந்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நானே வந்து உக்காந்து கேப்பேன். குரைச்சா, நாய் போயாகணும். எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு."

தஹானி காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். முதல் கையெழுத்தே நாலாவது மாடி அம்மா உம் ரஃபீக்குடையது. எழுத்தைவிட அடிக்கோடு பெரிதாக இருந்தது.

"குரைக்காது," என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

அதட்டிப் பார்த்தாள். அதுவும் பதிலுக்கு அதட்டியது. தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். அந்த வெக்கையில் அதற்கு அது குளியல், இன்னும் கொஞ்சம் என்று வாலை ஆட்டியது. ஜன்னலையெல்லாம் அடைத்ததில் இரண்டு பேரும் வெந்து போனார்கள். மூன்றாம் நாள் பால்கனியில் நாற்காலியைப் போட்டு, பழைய பரீட்சைத் தாளின் முதுகில், எப்போது குரைக்கிறது, அப்போது என்ன நடக்கிறது என்று குறிக்க உட்கார்ந்தாள். மத்தியானத்துக்குள் ஏழு தடவை. ஏழு தடவையும் காரணம் ஒன்றுதான். நாலாவது மாடியிலிருந்து கயிற்றில் கட்டிய கூடை அவள் பால்கனியைத் தாண்டிக் கீழே மஹ்ரூஸின் மளிகைக்கடைக்கு இறங்கியது, ரொட்டியோடும் வெங்காயத்தோடும் ஏறியது. புகார் சொல்கிற அம்மாவின் கூடைதான் நாயைக் குரைக்க வைக்கிறது.

தஹானி விறுவிறுவென்று மாடியேறினாள். உம் ரஃபீக் முட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"முப்பது வருஷமா இந்தக் கூடை இறங்குது. உன் நாய் நேத்து வந்தது. லிஃப்டு செத்து அஞ்சு வருஷமாச்சு, கூடைதான் என் காலு. என் காலை நிறுத்தச் சொல்றியா?"

"கூடையை நிறுத்த வேணாம்க்கா. நாயை மாத்திக் காட்டறேன்."

"மாத்துவாளாம். இந்தக் கணக்கு உனக்கு வராதுடி."

அந்த ஒரு வார்த்தை போதும் தஹானிக்கு. நேரே மஹ்ரூஸிடம் போனாள். லஞ்சன் என்கிற பதப்படுத்திய மாட்டிறைச்சியைப் பொடித்துண்டாக நறுக்கி, பொட்டலம் கட்டி, ஒவ்வொரு தடவையும் கூடையின் மேலாக வைக்கச் சொன்னாள். கூடை இரண்டாவது மாடியில் தன் பால்கனியைத் தாண்டும்போது சட்டென்று எடுத்துச் சிம்சிமின் வாயில் போடுவது ஏற்பாடு. கூடை என்றால் எதிரி இல்லை, விருந்து என்று அதற்குப் புரிய வேண்டும்.

"நாய்க்கும் டியூஷன் ஆரம்பிச்சிட்டீங்களா டீச்சர்," என்றான் மஹ்ரூஸ்.

"ஆமா. உன்னை மாதிரி இல்ல, இது பாஸாகும்."

நாலு நாள் நன்றாகவே போனது. ஐந்தாம் நாள் டெலிபோன் அடித்தது, எடுக்கப் போனாள். பொட்டலம் நேராக நாலாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. அது கிறிஸ்தவர்களின் கன்னி மரியாள் நோன்புக் காலம். உம் ரஃபீக் வீட்டில் இறைச்சி, பால், முட்டை எதற்கும் இடமில்லை. தான் முஸ்லிமானாலும் சுப்ராவிலேயே பிறந்து வளர்ந்து, இந்த நோன்பை மறந்தது தஹானியின் பெரிய தப்பு.

"யாரு என் நோன்புக் கூடையில கறியை வச்சது?" தெரு முழுக்கக் கேட்டது. "தஹானி, இது உன் வேலைதானே? பயறும் ரொட்டியும் தின்னுக்கிட்டு நான் மாதாவைக் கும்பிடறேன், நீ எனக்குக் கறி அனுப்பறியா?"

"நாய்க்குன்னு வச்சதுக்கா. மன்னிச்சிடுங்க. சத்தியமா மறந்துட்டேன்."

"என் கூடையில இனி உன் கை படக் கூடாது."

படவில்லை. ஆனால் தஹானி விடுவதாகவும் இல்லை. துண்டுகளைத் தன் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டாள். கூடை தலைக்கு மேல் தெரியும்போதே நீட்டினாள். பத்தாம் நாள் கூடை இறங்கியது. சிம்சிம் உட்கார்ந்து, நிமிர்ந்து பார்த்து, வாலை மட்டும் ஆட்டியது. அக்கா இருந்திருந்தால் கை தட்டியிருப்பாள் என்று நினைத்ததும் தஹானிக்கு அழுகை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வக்தி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று காலையிலிருந்தே கூடை வரவில்லை. தஹானி அதைக் கவனித்தாள், நல்லதாய்ப் போயிற்று என்றும் நினைத்தாள். சிம்சிம் அப்படி நினைக்கவில்லை. பால்கனிக் கம்பிக்குள் மூக்கை நுழைத்து மேலே பார்த்தது. ஒரு முனகல். பிறகு ஒரு குரைப்பு. பிறகு மூச்சு விடாமல் குரைத்தது.

"டீச்சர்," என்று வக்தி எழுந்தார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

"கூடை வந்தா குரைக்காது சார். இப்ப வரலன்னுதான் குரைக்குது."

"வந்தாலும் குரைக்குது, வரலன்னாலும் குரைக்குது. எப்படியும் குரைப்புதானே."

தஹானி நாயைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். நாயைத் தொடவே கூசியவள்.

அப்போது மேலே கயிறு உரசும் சத்தம் கேட்டது. கூடை தள்ளாடித் தள்ளாடி இறங்கி, முதல் தடவையாக அவள் பால்கனிக்கு நேரே நின்றது. உள்ளே அதே லஞ்சன் பொட்டலம், பனி பிடித்துக் கல்லாக இருந்தது. சிம்சிம் சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

"அதுக்குக் குடு," என்று மேலிருந்து உம் ரஃபீக்கின் குரல் வந்தது. "சாப்பிடற பொருளைத் தூக்கிப்போட மனசு வரல, ஐஸ்பெட்டியில வச்சிருந்தேன். காலையிலேர்ந்து முட்டி பூட்டிக்கிச்சு தஹானி, கட்டிலை விட்டு எந்திரிக்க முடியல. இத்தனை வீடு இருக்கு, கூடை எங்கேன்னு ஒருத்தர் கேக்கல. இந்தக் கழுதை ஒண்ணுதான் கேட்டுச்சு. அது கூப்பிட்ட கூப்பாட்டுலதான் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கிறேன்."

தஹானி தலையைக் குனிந்துகொண்டாள். கேட்காதவர்களில் தானும் ஒருத்தி.

"கதவைத் திறந்து வைங்கக்கா. இதோ வரேன்."

"வா. அதையும் கூட்டிக்கிட்டு வா. வக்தி, நீ அங்கதானே இருக்க? அந்தக் காகிதத்தைக் கூடையில போடு. என் கையெழுத்தை நான் கோடு போட்டு அடிக்கணும்."

வக்தி காகிதத்தை மடித்துப் போட்டார். கூடை மெல்ல மெல்ல மேலே ஏறியது. சிம்சிம் அது மறையும் வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது, ஒரு சத்தம் போடவில்லை.