பூண்டுக் கம்பி

ஒரு செவ்வாய்க்கிழமை பொழுதுசாய, மேல்மலைப் பூம்பாறையில் தமிழ்மதி அடுப்படியில் முணுமுணுத்தது பழனி அடிவாரத்தில், தண்டாயுதபாணியின் பஞ்சாமிர்தக் கடையில், பழம் பிசையும் அண்டாவுக்குள்ளிருந்து கேட்டது. வரிசையில் நின்ற முப்பது பேரும் கேட்டார்கள். “தேன் வாங்க வந்தாரு, காப்பி குடிச்சாரு, போயிட்டாரு. கட்டிக்கிறீங்களான்னு கேட்டா வாய் வலிக்குமாக்கும் அந்தப் பஞ்சாமிர்தக் கடைக்காரருக்கு?”

விதைப்பூண்டைக் கட்டி அடுப்புப் புகையில் தொங்கவிடுவது மேல்மலை வழக்கம். கயிறு இற்றுப்போனதால் தமிழ்மதி இந்த வருஷம் கேபிள்காரர்கள் விட்டுப்போன செம்புக் கம்பியை அடுப்படியிலிருந்து கொல்லை மரம் வரை இழுத்துக் கட்டி அதில் தொங்கவிட்டாள். அவள் செய்த தப்பு அவ்வளவுதான். வரிசையில் நின்ற நல்லுசாமி, போலீசில் வயர்லெஸ் பார்த்து ஓய்வு பெற்றவர், விளக்கம் சொன்னார்: மலை மறித்தால் அலை மேலே போகும், உச்சி வானத்துப் படலத்தில் முட்டி வளைந்து தூரத்தில் இறங்கும், நடுவிலுள்ள ஊர்களைத் தாண்டிவிடும், வெயிலில் மங்கும், பொழுது சாய்ந்தால் தெளியும். கொடைக்கானலில் ஒரு காதிலும் விழவில்லை. அய்யம்பாளையத்திலும் விழவில்லை. அங்கே விழுந்திருந்தால் நன்றாயிருக்கும். தமிழ்மதியின் அண்ணன் செல்லப்பாண்டி அந்த ஊர் மாப்பிள்ளையைத்தான் பேசி முடித்திருந்தார். வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறார்கள்.

தண்டாயுதபாணிக்கும் அவள்மேல் ஆசைதான், நாற்பத்திரண்டு வயதில் வந்த பொல்லாத ஆசை. இருவரிடமும் போன் இருந்தது, நம்பர் இருந்தது, தைரியம் மட்டும் இல்லை. அவரும் அண்டாவில் ஒரு கம்பியைக் கட்டிப் பதில் சொல்லிப் பார்த்தார். அது பூம்பாறையைத் தாண்டி மூணாறில் ஒரு கல்யாணமான பெண்ணின் சோற்றுத் தூக்கில் இறங்கியது. அவள் புருஷன் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பூக்காரி சண்முகசுந்தரி பொறுமையிழந்தாள். “அண்ணே, கடைய நாங்க பாத்துக்கிறோம். வெரசா பஸ் ஏறுங்க.”

சாயங்காலம் அண்டாவைச் சுற்றி இருநூறு பேர். பிசைகிறவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். பூம்பாறை அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தம் வந்தது, தண்டாயுதபாணி இருமும் சத்தம் வந்தது. பிறகு, “கட்டிக்கிறீங்களா?”

“இதக் கேக்க இம்புட்டு நாளா?” என்றாள் தமிழ்மதி.

அடுத்துக் கேட்டது செல்லப்பாண்டியின் குரல். “ஏத்தா, பூ வைக்க வர்றவங்களுக்கு நான் என்னத்தச் சொல்ல?”

“பொண்ணு பழனிக்குப் போயிருச்சுன்னு சொல்லுண்ணே.”

பழனியில் யாரும் ஆச்சரியப்படவில்லை. வெல்லமூட்டைகளை ஓரமாக நகர்த்தி, கல்லாவுக்குப் பக்கத்தில் அவள் உட்கார ஒரு நாற்காலி போட்டார்கள்.